விதையா, பாத்திரமா? – கெட்டுப்போன பீரும் 1883-ன் ஒரு துப்பறிதலும்

போன அக்டோபரில் என் வீட்டு கராஜில் 19 லிட்டர் பீர் கெட்டுப்போனது. மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. மேலே வெள்ளையாக, சுருக்கம் விழுந்த ஓர் ஆடை. ஆறின பாலில் ஏடு படியுமே, கிட்டத்தட்ட அப்படி. நடுநடுவே பெரிய பெரிய குமிழ்கள் வேறு. புளித்த மோரும் நனைந்த கோணிச்சாக்கும் கலந்த மாதிரி ஒரு வாடை. ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா? அப்புறம் 19 லிட்டரையும் சாக்கடையில் ஊற்றினேன்.

சரி, ஒரு தடவை போனால் போகட்டும் என்று பக்கெட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவி, நவம்பரில் மறுபடி காய்ச்சினேன். ஒரு நண்பரின் 45-வது பிறந்தநாளுக்குக் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் அதே ஆடை, அதே வாடை. பிறந்தநாளுக்குக் கடையில் வாங்கின பீரோடு போய் நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மேலே போவதற்கு முன் ஒரு விளக்கம். நான் இருப்பது அமெரிக்காவில். இங்கே 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தால், சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு மத்திய வரி கிடையாது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் வருடத்துக்கு 200 காலன் வரைக்கும் காய்ச்சலாம். தமிழ்நாட்டில் இது சட்டப்படி குற்றம். அதனால் இதைச் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு சரித்திரக் கதையாகப் படியுங்கள். கதையில் வரும் பிரச்சினை பீருக்கு மட்டும் உரியதும் இல்லை. தயிருக்கு உறை ஊற்றும் எல்லா வீட்டுக்கும் தெரிந்த பிரச்சினைதான்.

பிரச்சினை இதுதான். ஒன்று கெட்டுப்போனால் குற்றவாளி விதையா, பாத்திரமா?

பீர் விஷயத்தில் விதை என்பது ஈஸ்ட். முளைகட்டின பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் பூவோடு சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஆறினதும் ஈஸ்ட் போட்டு மூடிவைத்தால், அது சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். கொதிக்கும் வரைக்கும் எதுவும் கெடாது. கொதி அடங்கி, சாறு ஆறி, ஈஸ்ட் வேலையை ஆரம்பிப்பதற்குள் இருக்கும் அந்தச் சில மணி நேரம்தான் ஆபத்து. அப்போது அந்தச் சாறு தொடும் எல்லாமே, அதாவது பக்கெட், ரப்பர் குழாய், கரண்டி, திருகுக் குழாய், எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை.

என் விஷயத்தில், அக்டோபரில் போட்ட ஈஸ்ட் புதிது இல்லை. செப்டம்பரில் காய்ச்சினதன் அடி வண்டலை ஒரு பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்திருந்து, அதையே போட்டேன். அதனால் முதல் சந்தேகம் விதை மேல் விழுந்தது. நவம்பரில் புது ஈஸ்ட் பாக்கெட் பிரித்துப் போட்டும் அதே கதி. அப்படியென்றால் பாத்திரம். ஆனால் பாத்திரத்தைத்தான் கம்பி நார் போட்டுத் தேய்த்தேனே, கண்ணாடி மாதிரி பளபளக்கிறதே என்று மனசு ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாமா, கழுவினால் போதுமா என்று தெரியாமல் படிக்க உட்கார்ந்தேன். படித்தது ஐந்நூறு வருடத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நுண்ணுயிர் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்திலும் பீர் கெட்டுக்கொண்டுதான் இருந்தது. காரணம் தெரியாவிட்டாலும் எப்போது கெடுகிறது என்று காய்ச்சுகிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1516-ல் பவேரியாவில் போட்ட புகழ்பெற்ற சட்டம், பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் சேரக்கூடாது என்றது. ஈஸ்டின் பெயரே அதில் இல்லை. 1553-ல் அதே பவேரியாவில் இன்னொரு ஆணை வந்தது. செப்டம்பர் 29-ஆம் தேதி வரும் மைக்கேல் திருநாளிலிருந்து ஏப்ரல் 23-ஆம் தேதி வரும் ஜார்ஜ் திருநாள் வரைக்கும்தான் பீர் காய்ச்சலாம். வெயில் காலத்தில் கூடாது. யாருக்கும் பாக்டீரியா தெரியாது. ஆனால் அது எந்த மாதங்களில் வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடித்துச் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். காரணம் புரியாமலே எடுத்த சரியான நடவடிக்கை. மென்பொருள் துறையில் இதை தினமும் பார்க்கிறோம். ஏன் விழுகிறது என்று தெரியாத சர்வரை இரவு 2 மணிக்கு ரீஸ்டார்ட் செய்ய ஒரு ஏற்பாடு பண்ணி வைப்பது மாதிரி.

பாத்திரங்களுக்கும் இப்படி வைத்தியம் இருந்தது. அப்போது எல்லாமே மரம். மரத்தில் ஆயிரம் துளை. ஜெர்மன் பகுதிகளில் பீப்பாய்க்கு உள்ளே உருக்கின குங்கிலியம் மாதிரியான ஒரு பிசினைப் பூசினார்கள். சில காலம் ஆனதும் பழைய பூச்சை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். இங்கிலாந்தில் பூச்சு கிடையாது. வெந்நீரோடு ஒரு இரும்புச் சங்கிலியைப் பீப்பாய்க்குள் போட்டு உருட்டுவார்கள். சங்கிலி உள்ளே புரண்டு புரண்டு அழுக்கைச் சுரண்டும். திரும்பி வந்த ஒவ்வொரு பீப்பாயின் வாயிலும் ஒருவர் மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பார். நாறினால் தனியாக ஒதுக்கிவிடுவார். ஒதுக்கினதன் மேல்தட்டைக் கழற்றி உள்ளே தேய்த்து, நீராவி விட்டு, அதற்கும் சரிவராவிட்டால் அது பீருக்கு லாயக்கில்லை என்று முடிவு செய்வார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கம் நார்வேயின் பண்ணை வீடுகளில் இருந்தது. அங்கே விதையைப் பத்திரப்படுத்தினதே மரத்தில்தான். துண்டு துண்டான மரத்தைக் கோத்துச் செய்த ஒரு வளையம், அல்லது குறுக்கும் நெடுக்கும் வெட்டுப்போட்ட ஒரு கட்டை. பீர் பொங்கும்போது அதை நுரையில் முக்கி எடுத்து, காயவைத்துத் தொங்கவிடுவார்கள். அந்த இடுக்குகளில் ஈஸ்ட் காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த முறை காய்ச்சும்போது அந்தக் கட்டையை அப்படியே சாற்றில் போட வேண்டியதுதான். க்வெய்க் என்று சொல்லப்படும் இந்த ஈஸ்டுகளை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் லார்ஸ் மரியுஸ் கார்ஷோல். அவரும் தொழிலால் மென்பொருள் பொறியாளர் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு சின்ன பெருமை. நம்ம ஆள்!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் மூக்கை வைத்து ஒதுக்கின பீப்பாயும் நார்வேயில் சுவரில் மாட்டிவைத்த கட்டையும் செய்கிற காரியம் ஒன்றுதான். மரம் தன் இடுக்கில் ஓர் உயிரை ஒளித்து வைத்திருந்து அடுத்த முறைக்குக் கொடுக்கிறது. ஒன்றை நாற்றம் என்கிறோம், மற்றதை விதை என்கிறோம்.

அந்த உயிர் என்ன என்பது 1830-களில்தான் பேச்சுக்கு வந்தது. சார்ல்ஸ் கானியார்-லத்தூர், தியோடோர் ஷ்வான், ஃப்ரீட்ரிக் குட்சிங் என்ற மூன்று பேர், ஒருவரையொருவர் சாராமல், 1837-ஐ ஒட்டி ஈஸ்ட் ஓர் உயிருள்ள பொருள் என்று சொன்னார்கள். அன்றைய வேதியியல் பெரிய தலைகளுக்கு இது சிரிப்பாக இருந்தது. 1839-ல் வோலரும் லீபிக்கும் பெயர் போடாமல் ஒரு நையாண்டிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஈஸ்ட் என்பது வாலை வடிவத்தில் இருக்கும் குட்டி மிருகம், சர்க்கரையைத் தின்று ஒரு வழியாகச் சாராயத்தையும் இன்னொரு வழியாகக் கரியமில வாயுவையும் கழிக்கிறது என்று எழுதினார்கள். கேலிக்காக எழுதினது கிட்டத்தட்ட உண்மையாகவே போய்விட்டது என்பதுதான் வேடிக்கை.

1856-ல் லூயி பாஸ்டர் வடக்கு பிரான்சில் லீல் நகரத்தில் பேராசிரியராக இருந்தார். பீட்ரூட்டிலிருந்து சாராயம் எடுக்கும் பீகோ என்ற தொழிலதிபர் அவரிடம் வந்தார். அவர் மகன் பாஸ்டரின் மாணவன். சில தொட்டிகளில் சாராயம் வருகிறது, சிலவற்றில் புளித்துப் போகிறது, ஏன் என்று கேட்டார். பாஸ்டர் இரண்டு தொட்டிகளிலிருந்தும் சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். நல்ல தொட்டியில் உருண்டை உருண்டையான ஈஸ்ட். கெட்ட தொட்டியில் அதைவிட மிகச் சிறிய, நீளமான குச்சிகள். புளிப்புக்குக் காரணம் தனியாக ஓர் உயிர் என்று 1857-ல் கட்டுரை எழுதினார். தயிரைத் தயிராக்கும் கூட்டத்தைச் சேர்ந்த உயிர்தான் அது.

1870-71-ல் பிரான்ஸ் பிரஷ்யாவிடம் போரில் தோற்றது. கோபத்தில் பான் பல்கலைக்கழகம் கொடுத்த கௌரவப் பட்டத்தையே திருப்பி அனுப்பினவர் பாஸ்டர். ஜெர்மன்காரர்கள் பெருமைப்படும் பீரில் அவர்களை மிஞ்ச வேண்டும் என்று பீர் ஆராய்ச்சியில் இறங்கினார். இத்தனைக்கும் அவருக்கு பீரில் ருசி கிடையாது என்பார்கள். 1871 செப்டம்பரில் லண்டன் போய் விட்பிரெட் என்ற பெரிய பீர் ஆலைக்குள் நுழைந்தார். அவர்களுடைய ஈஸ்டைக் கொஞ்சம் வாங்கி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, இது சரியில்லை, வேண்டாத உயிர்கள் கலந்திருக்கின்றன என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். ஒரு வாரத்துக்குள் திரும்பப் போனபோது அவர்கள் ஒரு நுண்ணோக்கி வாங்கி, இருக்கிற ஈஸ்டையெல்லாம் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 1876-ல் பீர் பற்றின அவருடைய புத்தகம் வந்தது. கொதித்த சாற்றை அகலமான திறந்த தட்டுகளில் ஆறவிடும் பழக்கத்தை விடு, காற்றுப் படாமல் ஆறவை, மூடின கலனில் வை, சுத்தமான ஈஸ்டைப் போடு என்பது அதன் சாரம்.

இதைப் படித்தபோது கேஸ் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். குச்சி இருந்தால் கெட்டது, உருண்டை இருந்தால் நல்லது. ஆனால் கதையின் முக்கியமான திருப்பம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

டென்மார்க்கில் ஜே.சி. யாகப்சன் என்று ஒருவர். 1845-ல் அவர் மியூனிக் போய், ஸ்பாட்டன் ஆலையின் கேப்ரியல் செட்ல்மாயரிடமிருந்து இரண்டு பானை ஈஸ்ட் வாங்கினார். குளிர்ச்சியில் வேலை செய்யும் லாகர் ஈஸ்ட் அது. சூடு பட்டால் செத்துவிடும். குதிரை வண்டியில் கோபன்ஹேகனுக்குத் திரும்புகிற வழியெல்லாம், தொப்பி வைக்கும் பெட்டிக்குள் பானைகளை வைத்து, வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கிக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த ஈஸ்டை வைத்து 1847-ல் ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மேல் ஆலை கட்டினார். மகன் கார்ல் பெயரையும் குன்றையும் சேர்த்து கார்ல்ஸ்பெர்க் என்று பெயர் வைத்தார்.

அறிவியலில் பெரிய நம்பிக்கை உள்ள மனிதர். 1875-ல் ஆலையோடு ஓர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார். அங்கே வந்து சேர்ந்தவர் எமில் கிறிஸ்டியன் ஹான்சன். சிறு வயதில் வீடுகளுக்கு பெயின்ட் அடித்தவர், கதை எழுதிச் சம்பாதித்துப் படித்தவர்.

1883-ல் கார்ல்ஸ்பெர்க் பீர் கெட்டது. வாடையும் வேண்டாத ஒரு கசப்பும். யாகப்சனுக்கு அப்போது 72 வயது. கலன்களைத் தேய்ப்பது, கழுவுவது எல்லாம் அந்த ஆலையில் குறைவில்லாமல் நடந்தது. பாஸ்டர் சொன்ன குச்சிகளைத் தேடினால் ஈஸ்டில் குச்சியும் பெரிதாக இல்லை. நுண்ணோக்கியில் எல்லாம் உருண்டையாக, நல்லவையாகத்தான் தெரிந்தன.

ஹான்சன் சொன்னது இதுதான். குற்றவாளியும் ஈஸ்ட்தான். நல்ல ஈஸ்டுக்கு நடுவில் அதே முகத்தோடு காட்டு ஈஸ்ட் கலந்திருக்கிறது. முகத்தைப் பார்த்து அடையாளம் காண முடியாது. நடத்தையைப் பார்க்க வேண்டும்.

அவர் செய்த சோதனை அழகானது. ஈஸ்டை ஈரமான ஜிப்சம் கட்டி மேல் பட்டினி போட்டால் அது விதைத்துகள் உண்டாக்கும். எந்த வெப்பத்தில் எத்தனை மணி நேரத்தில் உண்டாக்குகிறது என்பது வகைக்கு வகை மாறும். காட்டு ஈஸ்ட் அவசரக்காரன், சீக்கிரமே உண்டாக்கிவிடும். ஆலையில் வளர்ந்த ஈஸ்ட் நிதானமாகத்தான் செய்யும். இதற்கு முதல்படியாக, ஈஸ்டை நீர்த்து நீர்த்துக் கடைசியில் ஒரே ஒரு செல்லில் கொண்டுவந்து நிறுத்தி, அந்த ஒன்றிலிருந்து மட்டும் வளர்த்தெடுத்தார். கார்ல்ஸ்பெர்க் ஈஸ்டில் நான்கு வகை இருந்தன. நல்ல பீர் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்.

யாகப்சன் நிலையை யோசித்துப் பாருங்கள். 38 வருடமாகக் காப்பாற்றின விதை. தொப்பிப் பெட்டியில் சுமந்து வந்தது. அதில் நான்கில் மூன்று வேண்டாத கூட்டம் என்று ஒரு முன்னாள் பெயின்டர் வந்து சொல்கிறார். அவர் முதலில் நம்பவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்க அனுமதித்தார். 1883 நவம்பர் 12 அன்று, ஒரே செல்லிலிருந்து வளர்த்த ஈஸ்டை ஆலையில் முதன்முறையாக உபயோகித்தார்கள். பீர் சரியானது. யாகப்சன் அடுத்துச் செய்த காரியத்துக்காகவே எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். அந்த ஈஸ்டைப் பூட்டி வைக்கவில்லை. கேட்ட மற்ற ஆலைகளுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார்.

ஹான்சன் அத்தோடு நிற்கவில்லை. சுத்தமான விதை இருந்தாலும் அதை ஆலைக்குத் தேவையான அளவுக்குப் பெருக்குகிற பாத்திரம் அசுத்தமாக இருந்தால் என்ன பயன்? கியூலே என்ற ஆலை நிர்வாகியோடு சேர்ந்து ஒரு மூடின உலோகக் கலன் செய்தார். நீராவியால் கிருமி போக்கலாம், உள்ளே போகிற காற்றும் வடிகட்டித்தான் போகும். ஆக விதையும் பாத்திரமும் தனித்தனிக் கேள்விகள், இரண்டுக்கும் தனித்தனிப் பதில் வேண்டும் என்பது அங்கே முடிவானது.

எனக்குச் சட்டென்று புரிந்தது. அக்டோபரில் கெட்டதற்கும் நவம்பரில் கெட்டதற்கும் ஒரே காரணத்தைத் தேடினேனே தவிர, இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதிக்கவே இல்லை. இருபது வருடமாக பக் தேடிப் பிழைக்கிறவன் செய்கிற காரியமா இது?

ஜனவரியில் ஒரே சாற்றை, ஒரே பாக்கெட் ஈஸ்டோடு, மூன்றாகப் பிரித்தேன். முதலாவது, கொதிக்கும் பாத்திரத்திலிருந்து நேராகப் புதுக் கண்ணாடி ஜாடிக்கு. இரண்டாவதும் அதே மாதிரி புது ஜாடி. ஆனால் பழைய பக்கெட்டிலிருந்து கழற்றின திருகுக் குழாயும் ரப்பர் குழாயும் வழியாக ஊற்றினேன். மூன்றாவது, பழைய பக்கெட்டே, புதுத் திருகுக் குழாயோடு. ஒன்பதாம் நாள் இரண்டாவது ஜாடியில் அந்த வெள்ளை ஆடை வந்தது. முதல் ஜாடி கடைசி வரைக்கும் தெளிவாக இருந்தது. பக்கெட் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தது, பிறகு லேசாகப் புளித்தது.

அந்தத் திருகுக் குழாயை வெந்நீரில் ஊறவைத்து இழுத்தபோதுதான் அது இரண்டு துண்டு என்பதே எனக்குத் தெரிந்தது. உள்ளே சுழலும் உருளை தனியாகக் கழன்று வந்தது. அதைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு பசை. இரண்டு வருடமாக வெளிப்பக்கத்தை மட்டும் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் பக்கெட்டைச் சுத்தம் செய்ய உபயோகித்த கம்பி நார் அடுத்த குற்றவாளி. அது பிளாஸ்டிக்கில் போட்ட கீறல்கள் ஒவ்வொன்றும் நார்வேக்காரர்கள் கட்டையில் வெட்டின வெட்டு மாதிரிதான். தெரியாமலே ஒரு க்வெய்க் கட்டை செய்து வைத்திருந்தேன். வேண்டாத கூட்டத்துக்கு!

இதே நிலையில் இருப்பவர்களுக்காக, நான் இப்போது செய்வதைச் சொல்லிவிடுகிறேன். கழுவுவது வேறு, கிருமி போக்குவது வேறு. அழுக்கின் மேல் கிருமிநாசினி ஊற்றினால் மேல்படலம் சாகும், அடியில் இருப்பது பிழைத்துக்கொள்ளும். பாக்டீரியாவும் ஈஸ்டும் தங்களைச் சுற்றி ஒரு பசைக் கூடு கட்டிக்கொள்கின்றன. அதனால் முதலில் கழற்ற முடிந்த எல்லாவற்றையும் கழற்றுகிறேன். சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மெத்தென்ற துணியால் மட்டும் துடைத்து, நன்றாக அலசுகிறேன். கிருமிநாசினி அதற்குப் பிறகுதான். உபயோகிப்பதற்குச் சற்று முன்னால், சொல்லியிருக்கிற நேரம் வரைக்கும் நனைந்திருக்கும்படி விடுகிறேன். உலோகப் பாத்திரமானால் கொதிக்கவைத்தே விடலாம். பிளாஸ்டிக் அந்தச் சூடு தாங்காது. குளோரின் பிளீச் உபயோகித்தால் வினிகரோ வேறு அமிலமோ அம்மோனியாவோ கூடச் சேரவே கூடாது, விஷவாயு கிளம்பும். ஸ்டீலையும் பிளீச் அரிக்கும். ரப்பர் குழாய், வாஷர், திருகுக் குழாய் ஆகியவற்றை ஒரு முறை கெட்டாலே குப்பையில் போட்டுவிடுகிறேன். சில டாலர் விஷயம். கெட்ட பீரின் அடி வண்டலை விதையாக எடுத்து வைப்பது, வைரஸ் பிடித்த பேக்கப்பிலிருந்து சிஸ்டத்தை மீட்பது மாதிரி. செய்யவே கூடாது.

பக்கெட்டை மட்டும் தூக்கிப் போடவில்லை. அதற்குக் காரணமும் கார்ல்ஸ்பெர்க்கிலிருந்தே வந்தது.

ஒரே செல்லிலிருந்து வளர்த்த ஈஸ்ட் லாகர் ஆலைகளுக்கு வரப்பிரசாதமாக இருந்தது. இங்கிலாந்தில் மாதக்கணக்கில் பீப்பாயில் ஊறவைக்கும் பழைய பீர்களுக்கு அதை உபயோகித்தபோது, ஏதோ ஒன்று குறைந்தது. பீர் சுத்தமாக இருந்தது, ஆனால் அந்த ருசி வரவில்லை. அதே கார்ல்ஸ்பெர்க்கில் வேலை பார்த்த ஹெல்டே கிளாசன் 1904-ல் காரணம் சொன்னார். பீப்பாயின் மரத்தில் குடியிருந்த இன்னொரு ஈஸ்ட்தான் அந்த ருசியைக் கொடுத்தது. பிரிட்டனின் பூஞ்சை என்ற பொருளில் அதற்கு பிரெட்டனோமைசிஸ் என்று பெயர் வைத்தார். இன்றைக்கு ஒயின் செய்கிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே நடுங்குவார்கள். பிரஸ்ஸல்ஸில் காந்தியோன் என்ற ஆலையில், கூரையில் இருக்கும் சிலந்தி வலையைக்கூடக் கலைக்க மாட்டார்கள். அவர்களுடைய லாம்பிக் பீருக்கு அந்த மரமும் அந்தக் காற்றும்தான் விதை.

கடைசியாக ஒரு விஷயம். 1883-ல் ஹான்சன் பிடித்த காட்டு ஈஸ்டுக்கு அவர் உபயோகித்த பெயர் சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ். பாஸ்டரின் நினைவாக ஏற்கெனவே இருந்த பெயர். ஆலைக்குக் கொடுத்த நல்ல ஈஸ்டுக்குப் பின்னால் கார்ல்ஸ்பெர்கென்சிஸ் என்று பெயர் வைத்தார். மரபணு ஆராய்ச்சி வந்த பிறகு பார்த்தால், இரண்டும் ஒரே இனம், நெருங்கின சொந்தம். இனத்துக்கு ஒரு பெயர்தான் இருக்க முடியும், மூத்த பெயர்தான் செல்லும் என்பது விதி. ஆகவே இன்று உலகம் முழுக்க லாகர் பீர் காய்ச்சும் ஈஸ்டின் அதிகாரபூர்வப் பெயர் பாஸ்டோரியானஸ். அன்று குற்றவாளிக்கு இருந்த அதே பெயர்! யாகப்சனின் ஆலையில் பிரச்சினை செய்தது வெளியாள் இல்லை, பங்காளி.

இதையெல்லாம் போன வாரம் அம்மாவிடம் வீடியோவில் சொன்னேன், பீர் என்பதை மட்டும் விட்டுவிட்டு. ஏதோ புளிக்கவைக்கிற பாத்திரம், கழுவியும் கெட்டுப்போகிறது என்றேன். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பால் காய்ச்சுற பாத்திரத்துல தயிர் தோய்ச்சியா? தோய்ச்சா அப்புறம் பால் திரியத்தான் செய்யும். அதைத் தயிருக்கே வச்சுக்கோ, பாலுக்கு வேற வாங்கு" என்றார்கள்.

அதைத்தான் செய்திருக்கிறேன். பழைய பக்கெட்டின் மேல் கறுப்பு மார்க்கரால் "புளிப்பு மட்டும்" என்று எழுதி, கராஜின் அந்தப் பக்கத்து மூலையில் தள்ளி வைத்திருக்கிறேன். அதில் இப்போது வேண்டுமென்றே புளிக்கவிட்ட பீர் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் புதுக் கலன், கழற்றிக் கழுவின திருகுக் குழாயோடு. நண்பருக்கு 46-வது பிறந்தநாள் வரட்டும்.